குடிலனுக்குக் கதவு திறந்தவர் யார்? மனோன்மணீயத்தில் பேரவாவும் அறப்பொறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் (1891) நாடகத்தில் தீமையின் உருவாக நிற்பவன் அமைச்சன் குடிலன். அவனை ஷேக்ஸ்பியரின் இயாகோவோடு ஒப்பிடுவதும், சைவ சித்தாந்த நோக்கில் மாயையின் உருவகமாகக் கொள்வதும் வழக்கமாகிவிட்டன. இவ்விரு வாசிப்புகளும் ஜீவக மன்னனின் அறப்பொறுப்பை மறைத்துவிடுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. குடிலனின் தீமை பிறருடைய நற்பண்புகளைக் கருவியாகக் கொண்டே செயற்படுகிறது என்பதும், நாடகத்தின் அறச்சிக்கலை அவனிடத்தில் அன்றி அவனை நம்பியவரிடத்தில் தேட வேண்டும் என்பதும் இங்கு வாதிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மனோன்மணீயம், குடிலன், ஜீவகன், பேரவா, ஆணவ மலம், தெரிந்து தெளிதல்

முன்னுரை

மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கப் பகுதியை 1970ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றுக்கொண்டது. அன்று முதல் அந்நூலின் பெயரை அறியாத தமிழ் மாணவர் இலர். ஆயின் வாழ்த்தைத் தாண்டி நாடகத்திற்குள் நுழைவோர் மிகச் சிலரே. முதுகலைப் பாடத்திட்டத்தில் இந்நூல் இடம்பெறும்போதும் ஐந்து அங்கம், இருபது களம், ஆசிரியப்பா, லிட்டனின் மூலக்கதை, உட்கதையான சிவகாமி சரிதம் என்னும் செய்திகளோடு கற்பித்தல் நின்றுவிடுகிறது. கதைமாந்தர் பற்றிய வினா தேர்வில் வந்தால், "குடிலனின் சூழ்ச்சிகளை விளக்குக" என்பதாகவே பெரும்பாலும் அமைகிறது. சூழ்ச்சி எவ்வாறு பலித்தது, பலிக்க விட்டவர் யார் என்பன வினாவாவதில்லை.

சுந்தரம் பிள்ளை (1855-1897) திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர். கல்வெட்டுகளை ஆராய்ந்து திருவிதாங்கூரின் பண்டை மன்னர் வரலாற்றை எழுதியவர். லிட்டன் 1866இல் வெளியிட்ட மிலேட்டசின் மறைந்த கதைகள் என்னும் தொகுப்பிலுள்ள 'இரகசிய வழி' என்னும் கதைப்பாட்டே அவருடைய நாடகத்திற்கு மூலம். மூலத்திலிருந்து அவர் பெற்றது கதையின் எலும்புக்கூட்டை மட்டுமே. பாண்டிய அவை, நாஞ்சில்நாட்டு உரிமைப் பூசல், முனிவரும் அவர்தம் மாணவரும் நிகழ்த்தும் தத்துவ உரையாடல் ஆகியவை அவர் சேர்த்த தசையும் குருதியும் ஆகும். குடிலனும் இச்சேர்க்கையிலேதான் முழுமை பெறுகிறான்.

இயாகோவும் அல்லன், மாக்பெத்தும் அல்லன்

குடிலனைத் தமிழ் இயாகோ எனக் குறிப்பது எளிது. இருவரும் நம்பிக்கைக்கு உரியவராக நடித்துத் தலைவனை அழிக்க முயல்பவர்கள். தனிமொழியில் தம் உள்ளத்தைப் பார்வையாளருக்குத் திறந்து காட்டுபவர்கள். ஒப்புமை இவ்வளவோடு நின்றுவிடுகிறது. இயாகோ தன் பகைக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்களைச் சொல்லிக்கொண்டே போகிறான்: பதவி கிடைக்காமை, மனைவி மீதான ஐயம், காசியோவின் அழகு. எந்தக் காரணமும் அவன் செயலின் அளவுக்கு ஈடாவதில்லை. கோல்ரிட்ஜ் முதலிய திறனாய்வாளர் அவனிடத்தில் காரணமற்ற தீமையைக் கண்டது இதனாலேயே. குடிலனிடம் இவ்வகைப் புதிர் எதுவுமில்லை. அவனுக்கு வேண்டியது அரியணை. மன்னனுக்கு ஆண்மகவு இல்லை. இருப்பவள் மகள் ஒருத்தியே. மன்னன் போரில் வீழ்ந்தால் நாடு தன் கையில்; அது வாய்க்காவிட்டால் தன் மகன் பலதேவனுக்கு மனோன்மணியை மணமுடித்து அவ்வழியே நாடு தன் குடியில். இது கணக்கு. வெறுப்புக்கூட இங்கு இல்லை. ஜீவகனை அவன் வெறுக்கிறான் என்று சொல்வதைவிட, ஜீவகன் ஒரு மனிதன் என்பதே அவன் கணக்கில் வரவில்லை என்பது பொருந்தும்.

மாக்பெத்தோடு ஒப்பிடும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. பேரவாவின் இலக்கியத்தில் மாக்பெத் பெறும் இடம் அவன் செய்த கொலையால் வந்ததன்று, கொலைக்கு முன்னும் பின்னும் அவன் படும் பாட்டால் வந்தது. டங்கன் தன் உறவினன், தன் அரசன், தன் இல்லத்து விருந்தினன் என்பதை அவன் தானே எண்ணிப் பார்க்கிறான். செய்யக்கூடாது என்பதற்கு எல்லாக் காரணமும் இருக்கிறது, செய்வதற்கு அவா ஒன்றே இருக்கிறது என்பதை அறிந்தே செய்கிறான். ஆகவே அவன் உள்ளமே போர்க்களம். குடிலனுக்கும் அச்சமும் ஐயமும் இல்லாமல் இல்லை. ஆயின் அவை, திட்டம் பலிக்குமா என்பது பற்றியவை. தக்கதா என்பது பற்றியவை அல்ல. தன் அறிவே எல்லா ஆற்றலுக்கும் முதல் என்னும் எண்ணத்தில் அவன் மகிழ்ந்து நிற்கும் தனிமொழிகளில், அறம் எதிர்க்கட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை.

அவ்வாறாயின் அறப்போராட்டமே இல்லாத ஒருவனை மையமாக்கி எழுந்த நாடகத்தில் அறப்போராட்டம் எங்கே நிகழ்கிறது? குடிலனின் உள்ளத்தைத் தோண்டிப் பார்ப்பதால் இதற்கு விடை கிடைக்காது. அவனைச் சூழ்ந்தவர்களைப் பார்க்க வேண்டும்.

தூதுக் காட்சி: நியாயம் போலத் தோன்றும் தீமை

சுந்தர முனிவர், மனோன்மணியின் நோய்க்கு மணமே மருந்தென்று தெளிந்து சேரநாட்டுப் புருடோத்தமனை மணமகனாகக் கூறுகிறார். தூது செல்லத் தக்கவன் நடராசன் என்றும் சுட்டுகிறார். மன்னன் உடன்படுகிறான். அதன்பின் குடிலனோடு தனித்துப் பேசும்போது அந்த உடன்பாடு கரைந்து மறைகிறது. இக்கரைதலைச் சுந்தரம் பிள்ளை காட்டும் முறை நாடகத்தின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று.

குடிலன் மணத்தை மறுப்பதில்லை. முனிவரைப் பழிப்பதும் இல்லை. பெண் வீட்டார் தாமே வலியச் சென்று கேட்பது பாண்டியர் பெருமைக்கு இழுக்கு என்னும் ஒரு சிறு நெருடலை மன்னன் மனத்தில் இடுகிறான். நாஞ்சில்நாடு பாண்டியர்க்கு உரியது, சேரர் அதனை வைத்திருக்கின்றனர், அவ்வழக்கைத் தீர்க்கத் தூது அனுப்பினால் மணப்பேச்சு அதனோடு இயல்பாக இணையும் என்பது அவன் அறிவுரை. தூதனாகத் தன் மகன் பலதேவனையே அனுப்பும்படி செய்கிறான். இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நோக்கினால் தீயதன்று. எல்லைப் பூசலை மணவுறவால் தீர்ப்பது அரசியலுக்குப் புதியதும் அன்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கும் நாஞ்சில்நாடு சேர பாண்டிய எல்லையில் நெடுங்காலம் கைமாறிய நிலம் என்பதைக் கல்வெட்டு ஆராய்ச்சியாளரான ஆசிரியர் நன்கு அறிவார். குடிலன் கூறும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அமைச்சியல் நியாயம் உண்டு. நியாயங்களின் கூட்டுத்தொகை போராக முடிகிறது.

பேரவா கொண்ட அமைச்சன் பொய் சொல்லி ஏமாற்றினான் என்று கதைச்சுருக்கங்கள் எழுதுகின்றன. இது போதாது. இக்காட்சியில் அவன் சொல்லும் பொய்கள் குறைவு. மன்னனிடத்தில் ஏற்கெனவே இருந்த ஒன்றைத் தடவிக் கொடுப்பதே அதிகம். மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் புதுக்கோட்டை எழுப்பி, அதன் வலிமையை முனிவரிடமே வியந்து பேசியவன் ஜீவகன். முனிவர் கோட்டையின் நிலையாமையைக் குறிப்பாக உணர்த்தியும் அவன் செவியில் அது ஏறவில்லை. குலப்பெருமை, கோட்டைப்பெருமை, பாண்டியன் பிறர்முன் தாழ்தல் ஆகாது என்னும் எண்ணம் ஆகியவை குடிலன் விதைத்தவை அல்ல. அவன் நீர் பாய்ச்சினான்.

திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம் இங்கு நினைவுக்கு வருவது இயல்பு. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வழியாலும் ஆராய்ந்தே ஒருவனைத் தேற வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஆராயாமல் நம்புதலும், நம்பியவன்மீது ஐயம் கொள்ளுதலும் தீராத இடும்பை தரும் என்று அவ்வதிகாரத்தை முடிக்கிறார். ஜீவகன் இவ்விரு பிழையையும் ஒருங்கே செய்கிறான். குடிலனை அவன் ஆராய்ந்தான் என்பதற்கு நாடகத்தில் ஒரு சான்றும் இல்லை. நீண்ட நாள் உடனிருந்து உண்மை பேசிய நாராயணனையோ, குடிலன் கூறிய குற்றச்சாட்டை ஏற்றுக் குற்றவாளியாக நிறுத்துகிறான். முன்னதனை ஏமாந்தமை என்று மன்னிக்கலாம். பின்னது அரசன் தானே முன்னின்று செய்யும் அநீதி.

நாராயணனின் கரிபூசிய மூக்கு

நாராயணன் பற்றிச் சற்று விரித்துரைப்பது தகும். பல திறனாய்வுகள் அவனை நகைச்சுவை மாந்தர் வரிசையில் வைத்துக் கடந்துவிடுகின்றன. அவன் மூக்கில் கரி பூசிக்கொண்டு வந்து நிற்கும் இடம் நகைப்பிற்கு உரியதாகத் தோன்றினும், அதன் உட்பொருள் அச்சம் தருவது. புறத்தே சிவந்து, மூக்கில் மட்டும் கரிய குன்றிமணியைக் கூடாவொழுக்கத்தார்க்கு உவமையாக்கிய குறளை அவன் தன் உடம்பாலேயே எழுதிக் காட்டுகிறான். குடிலன் பெயரைச் சொல்லாமல் குடிலனைச் சுட்டும் செயல் இது. குறள் கற்ற மன்னன் பொருளை உணர்ந்திருக்க வேண்டும். அவனோ இதனை வேடிக்கையாகக் கொள்கிறான்.

உண்மை பேசுபவன் அரசவையில் கோமாளியாக மாறினாலன்றிப் பேச இயலாது என்னும் நிலை எப்போது ஏற்படுகிறது? குடிலன் மட்டும் இதனை ஏற்படுத்த முடியாது. நேரே சொன்னால் கேளாத அரசன் வேண்டும். நாராயணனின் கோமாளித்தனம் குடிலனின் திறமையை அளக்கும் கருவி அன்று. ஜீவகனின் செவியை அளக்கும் கருவி. போரில் தோற்று உயிர்விடத் துணிந்த அரசனைத் தடுத்து நிறுத்துபவனும் இந்நாராயணனே என்பதையும், அதன்பின்னும் அவனே குற்றம் சாட்டப்படுகிறான் என்பதையும் இணைத்து நோக்கினால், நாடகத்தின் அறக்கணக்கு எவ்வளவு கடுமையானது என்பது புலப்படும்.

உருவக வாசிப்பின் இடர்ப்பாடு

ஜீவகன் என்பது சீவன். குடிலன் என்பது மாயை. சுந்தர முனிவர் அருட்குரு. சுரங்கம் மறைவான அருள்வழி. மனோன்மணி புருடோத்தமனை அடைவது ஆன்மா இறையைச் சேர்தல். இவ்வாறு கொள்ளும் தத்துவ வாசிப்புக்குப் பெயர்களே இடம் தருகின்றன. ஆசிரியர் தத்துவப் பேராசிரியர் என்பதும் அதற்கு அரணாகிறது. இவ்வாசிப்பை முற்றிலும் மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் அதனைச் சித்தாந்த நூல்களின் வரையறைப்படியே சோதித்தால் ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது.

சைவ சித்தாந்தத்தில் மாயை தீமையின் பெயர் அன்று. உயிருக்கு உடல், கருவி, உலகு, நுகர்ச்சி ஆகியவற்றைத் தந்து, ஆணவ இருளில் கிடக்கும் உயிர்க்குச் சிறிதேனும் அறிவு விளங்கச் செய்வது மாயை. கதிரவன் எழும்வரை உதவும் விளக்கு என்று அதனை உவமிப்பது சித்தாந்த மரபு. உயிரை அநாதியே பற்றி, அதன் அறிவை மறைத்து, தன்முனைப்பாக வெளிப்படுவது ஆணவ மலமே. இன்னும் நுணுகினால், குடிலை என்னும் சொல் சுத்தமாயையைக் குறிக்கும் கலைச்சொல்லாக வழங்குகிறது. அப்பெயரொப்புமையை வலிந்து கொண்டால் நாடகத்தின் கொடியவன் தூய மாயை ஆகிவிடுவான்! குடிலம் என்றால் வளைவு. நேர்மைக்கு மாறான வளைந்த நெஞ்சினன் என்ற அளவில் பெயருக்குப் பொருள் கொள்வதே தக்கது.

ஆணவத்தையே குடிலன் குறிக்கிறான் என்று திருத்திக்கொள்ளலாமே எனின், அத்திருத்தம் வாசிப்பையே மாற்றிவிடுகிறது. ஆணவம் உயிருக்கு வெளியே நிற்கும் அமைச்சன் அன்று. செம்பிற் களிம்பாய் உயிரோடு ஒன்றி இருப்பது. அவ்வாறாயின் குடிலன் என்பவன் ஜீவகனுக்குள் இருப்பதன் வெளித்தோற்றம் ஆகிறான். கோட்டையை வியந்த தருக்கு, நாஞ்சில்நாட்டை விரும்பிய உள்ளம், புகழ்ச்சியில் இளகும் செவி ஆகியவை குடிலனுக்கு இல்லம் கட்டித் தந்தவை என்றாகிறது. உருவக வாசிப்பைச் செம்மையாகச் செய்தால் அது ஜீவகனின் பொறுப்பைக் கூட்டுகிறது. வழக்கத்தில் அதனைச் செய்யும் முறையோ, ஏதுமறியா உயிரை மாயை மயக்கியது என்று அப்பொறுப்பைக் கழித்துவிடுகிறது. வகுப்பறையில் இது சிறு பிழையாகத் தோன்றலாம். தீய அமைச்சரால் கெட்ட நல்ல அரசர் என்னும் கதையை அரசியல் வரலாற்றிலும் நாம் எளிதாக நம்பிவிடுவதற்கு இத்தகைய வாசிப்புப் பழக்கமும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

நற்பண்பே கருவியாதல்

மந்தரையின் சொல்லால் கைகேயி மாறுவதைக் கம்பர் காட்டுகிறார். அங்குத் தூய உள்ளம் திரிகிறது. திரிந்தபின் அது தீங்கு செய்கிறது. மனோன்மணீயத்தில் நிகழ்வது இதனினும் நுட்பமானது. இங்கு யாரும் திரிவதில்லை. ஜீவகன் இறுதிவரை மகளை நேசிக்கும் தந்தை, நன்றி மறவாதவன். அந்த அன்பும் நன்றியும் திரியாமல் இருப்பதாலேயே தீமை நிறைவேறுகிறது.

போரில் தோற்றுக் கோட்டைக்குள் ஒடுங்கிய நிலையில், மனோன்மணியைச் சுரங்க வழியே காப்பாக அழைத்துச் செல்வதாக முனிவர் கூறுகிறார். மன்னன் இம்மறைச்செய்தியைக் குடிலனிடமே கலந்து பேசுகிறான். மணமாகாப் பெண்ணை அனுப்புவதைவிட மணமுடித்து அனுப்புவது நன்று என்று குடிலன் காட்ட, பலதேவன் மணமகனாகிறான். போரில் பலதேவன் பெற்ற புண், உண்மையில் அவனால் தீங்குற்ற குடும்பத்தைச் சேர்ந்த சொந்தப் படைவீரன் ஒருவன் தந்தது. மன்னனோ அதனை நாட்டுக்காகப் பெற்ற விழுப்புண்ணாக மதித்து நன்றிக்கடன் பட்டவனாகிறான். மகளைக் காக்கும் அன்பும், உதவியவனுக்குக் கைம்மாறு செய்யும் கடமையும் கூடி அவளைப் பலியிடத் துணிகின்றன.

மனோன்மணியின் இசைவு இன்னும் துயரமானது. கனவில் கண்டவனை மனத்துள் வைத்திருப்பவள், தந்தையின் துன்பத்தைப் போக்க வேறொருவனை மணக்க உடன்படுகிறாள். நாடகத்தில் உண்மையான அறப்போராட்டம் இவ்விடத்தே நிகழ்கிறது: தன் உள்ளத்துக்கு உண்மையாயிருத்தல், பெற்றவனுக்குக் கடமை ஆற்றுதல் என்னும் இரண்டும் அறமே. இரண்டனுள் ஒன்றைக் கொன்றாலன்றி மற்றொன்று வாழாது. மாக்பெத்தின் நெஞ்சில் நாம் தேடிய போர் இங்கே ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் நடக்கிறது. அவளுடைய தியாகத்தைப் போற்றும் உரைகள் பல உள்ளன. அத்தியாகத்தின் பயன் யாருக்குச் சென்றிருக்கும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அவள் தியாகம் குடிலன் திட்டத்தின் கடைசிப் படி.

வாணி இதற்கு மறுதலை. பொருளாசை கொண்ட தந்தை சகடன் பலதேவனுக்கு அவளைக் கொடுக்க முனைகிறான், அவள் இசையவில்லை. நடராசன்பால் கொண்ட காதலில் உறுதியாக நின்று, தந்தையின் சினத்தையும் அரசனின் வருத்தத்தையும் தாங்குகிறாள். பணிவின்மை என்று பழிக்கப்படும் அம்மறுப்பே குடிலன் குடும்பத்தின் கைக்கு எட்டாத ஒரே பண்பாக நாடகத்தில் விளங்குகிறது. ஆசிரியர் இவ்விரு பெண்களையும் அருகருகே வைத்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

சுரங்கத்தின் மறுமுனை

குடிலன் வீழ்வது அவன் அறிவின் குறையாலா? ஒருவகையில் ஆம். சுரங்க வழியைக் கண்டறிந்து, இரவில் தனியே புருடோத்தமனை அடைந்து, கோட்டையையும் அரசனையும் காட்டிக்கொடுத்து அரசுரிமை பெறப் பேரம் பேசுகிறான். சேரனும் வெற்றியை விரும்பும் அரசனே, ஆகவே குறுக்குவழியை ஏற்பான் என்பது அவன் கணக்கு. புருடோத்தமன் அவனைக் கட்டிப் பிடித்து, அவனையே முன்னிட்டுச் சுரங்கத்துள் நுழைகிறான். பாண்டிய அவையில் ஒவ்வொருவரின் நற்பண்பையும் துல்லியமாக எடைபோட்டுப் பயன்படுத்தியவன், முன்பின் அறியாத ஒருவனின் நற்பண்பை எடைபோடத் தவறிவிட்டான். அன்பு, நன்றி, கீழ்ப்படிதல் என்பவை பிறரால் பயன்படுத்தக்கூடியவை என்பதை அறிந்த அவனுக்கு, இழிந்த வழியில் வரும் வெற்றியை வெறுக்கும் மானம் என்பது விளங்காப் பொருள்.

நாடகத்தின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் இழந்தபின் வாழ்வின் வெறுமையை உணரும் தருணம் மாக்பெத்துக்கு வாய்க்கிறது. அதனாலேயே அவன்மீது நமக்கு இரக்கம் எஞ்சுகிறது. குடிலனுக்கு அவ்வகைத் தன்னுணர்வு வாய்ப்பதில்லை. கட்டுண்டவனாக மணமன்றத்துக்குக் கொண்டுவரப்படும் அவன், அக்கணமே கதைக்கு வேண்டாதவனாகிவிடுகிறான். கனவில் கண்ட காதலர் நேரில் கண்டு மாலையிடும் இன்பக் காட்சி, அதுவரை கட்டியெழுப்பிய அறவினாவின்மீது திரையை இழுத்துவிடுகிறது. படிப்பதற்கென்று எழுதப்பட்ட நாடகத்தில் இவ்விரைவு தேவையா என்பது வினாவே.

திரை விழுவதற்கு முன் காணத்தக்கது ஒன்று உண்டு. அச்சுரங்கத்தை முனிவர் அகழ்ந்தது காப்புக்காக. அதன் செய்தியைக் குடிலனுக்குக் கொண்டு சேர்த்தது அரசனின் நா. துரோகம் செல்வதற்காக அவ்வழி முதலில் பயன்பட்டது; அந்தத் துரோகியைப் பின்பற்றியே மீட்பும் அவ்வழியே வந்தது. புருடோத்தமன் வராதிருந்தால் அன்று நள்ளிரவில் முனிவர் முன்னிலையிலேயே, தந்தையின் ஆசியோடு, மகளின் இசைவோடு, எவரும் தீயது என்று சொல்ல முடியாத ஒரு திருமணம் நடந்து முடிந்திருக்கும்.